செஞ்சவங்கதான் டிக் போடணும்

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால், எதற்கு எழுதுகிறேன், யார் படிப்பார்கள், எழுதி முடித்ததும் யாரிடம் காட்டணும் என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக்கி, வரிக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் போட்டு, என் கைப்பேசிக்கே அனுப்பிவிடுவார். எனக்கு அந்தத் தொல்லை வேண்டாம். அக்கா என்றே இருக்கட்டும்.

ஜொகூர் பாரு பக்கம் உலு திராமில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு அவருடையது பக்கத்து வீடு. நடுவில் இடுப்பளவு சுவர். புதிதாகக் குடி வருகிறவர்களைப் பார்க்க தாமான் என்கிற அந்தக் குடியிருப்பில் பலகாரத்தோடு வருவார்கள். இவர் கைப்பேசியோடு வந்தார். என் எண்ணைக் கேட்டு வாங்கி, குறிப்பு எழுதும் செயலி ஒன்றை அங்கேயே நின்று என்னை இறக்க வைத்து, ‘புது வீடு’ என்று ஒரு பட்டியலைப் பகிர்ந்தார். தண்ணீர் மீட்டரைப் படம் எடுக்கணும். பின்பக்கச் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்க்கணும். கேஸ் குழாய்க்குச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கணும். இப்படி இறங்கிக்கொண்டே போனது. என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கோ எரிச்சல். சோபாவையே இன்னும் இறக்கவில்லை, அதற்குள் வீட்டுப்பாடம் கொடுக்க ஆள் வந்துவிட்டது.

சாயங்காலம், கேலி செய்வதற்கென்றே, கேஸ் குழாயில் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். குமிழ் குமிழாக வந்தது. அதற்கப்புறம் அவரைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. தினமும் விடியுமுன்னே பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் ஒருவர். சமைத்த உணவைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். அங்கே குளிர்பெட்டியின் சூடு, கத்தி கழுவியது, கையுறை மாற்றியது என்று எல்லாவற்றுக்கும் டிக் உண்டு. ஒரு டிக் பொய்யாக விழுந்தால் எங்கோ ஒரு குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பார். அந்தப் பயத்தை அவர் வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டு வந்தார்.

பட்டியல் போடுவதில் அவருக்கென்று ஒரு முறை. வெறுமனே ‘பால்’ என்று எழுதக்கூடாது. பாலை என்ன செய்வது, வாங்குவதா காய்ச்சுவதா என்று கேட்பார். ‘வீடு சுத்தம்’ என்று நான் ஒருமுறை எழுதியதைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்படி எழுதினால் அந்த வேலை ஒருநாளும் முடியாதாம். அதை உடைத்து, விசிறி இறக்கையைத் துடைக்கணும், கட்டிலுக்கு அடியில் கூட்டணும் என்று ஐந்தாறு வரியாக்கிக் கொடுத்தார். வரியின் கடைசியில் செய்ய வேண்டியவர் பெயர். முடிந்த வரி தானாகக் கீழே இறங்கி மங்கிக் கிடக்கும். ஞாயிறு காலையில் தேநீர்க் கோப்பையோடு வாசலில் உட்கார்ந்து, வாரா வாரம் வருகிற பட்டியல்களின் டிக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, திரும்பவும் வெறும் கட்டமாக்கி வைப்பார். அதற்குக் ‘கழுவி வைக்கிறது’ என்று பெயர். ‘இருங்க தம்பி, கழுவி வச்சிட்டு வந்துடறேன்’ என்றால் பாத்திரம் என்று நினைத்துவிடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. யார் செய்தார்களோ அவர்கள்தான் டிக் போட வேண்டும், அதுவும் செய்து முடித்த பிறகு. செய்யப் போகிறேன் என்று போடக்கூடாது. இன்னொருவருக்காகவும் போடக்கூடாது.

இந்தச் சட்டம் எங்கள் தாமான் கோவில் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வருடம் ஆடிக் கூழுக்கு வேலைகளைப் பங்கு போடும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் பாவம், தெரியாமல் கொடுத்தார்கள். கோவில் தலைவருக்கு வந்த வரி, அண்டாக்களைக் கழுவி வைப்பது. பையன்களிடம் சொல்லிவிட்டோமே என்ற நிம்மதியில் அவர் வீட்டிலிருந்தபடியே டிக் போட்டுவிட்டார். அக்கா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே போன திருவிழாவின் பருப்பு ஒட்டிக் காய்ந்திருந்தது. தலைவர் உட்பட எல்லாரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம் பிடித்துப் போட்டு, டிக்கையும் எடுத்துவிட்டார். தலைவருக்கு மூக்கு அறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. கூழ் குடிக்க வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவுக்கு அதில் கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை. அண்டா கழுவப்படவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களோடு பழகுவது கஷ்டம். கஷ்டம் என்று தெரிந்தேதான் பழகினோம்.

ஏனென்றால் என் மகள் பிறந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை. என் பக்கமும் மனைவி பக்கமும் ஒத்தாசைக்கு ஆள் இல்லை. அக்கா ஒரு பட்டியலைப் போட்டார். பத்தியச் சாப்பாடு, குழந்தைத் துணி, மூலிகை வாங்கி வருவது, மனைவி கொஞ்ச நேரம் தூங்கக் குழந்தையை வைத்திருப்பது. எனக்கு எவ்வளவு வேலை வரப்போகிறதோ என்று பயந்துகொண்டே திறந்தேன். பாதிக்கு மேல் வரிகளின் கடைசியில் அவர் பெயர்தான் இருந்தது. வேலை முடிந்து பாலத்தில் நெரிசலில் நின்று நின்று வந்த கால்களோடு, குளித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் டிக் போடுவார்.

அவருக்குக் குழந்தை இல்லை. அவரும் வீட்டுக்காரரும் மட்டும்தான். அண்ணன் என்று நான் கூப்பிடுகிற அந்த மனிதர், செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வாழ்க்கை முழுக்க லோரி ஓட்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட, லோரியை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். கலகலப்பான ஆள். அக்காவின் சட்டதிட்டங்களுக்கு நடுவே, பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைப் பையன் மாதிரி சந்தோஷமாக இருந்தார். தங்கள் வீட்டில் சண்டைகூட வரிசை எண் போட்டுத்தான் வரும் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார். அக்கா காதில் விழட்டும் என்றுதான் சொல்வார்.

அந்த வீட்டின் பட்டியலில் அக்கா ஒருநாளும் தவறவிடாத வரி ஒன்று உண்டு. அண்ணனுடைய பாதத்தைப் பார்ப்பது. இனிப்பு நீரால் அவருக்குக் காலில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. முள் குத்தினாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் உட்கார, எதிரே முக்காலியில் அக்கா உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே அன்றைக்குத் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்வார். அண்ணன் அவரைச் சிரிக்க வைப்பார். நான் வேலையிலிருந்து வந்து கேட்டைத் திறக்கும்போது பல நாள் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகு டிக். அந்த நாளின் கடைசி டிக் அதுதான். தினமும் வருகிற வரிகளை மட்டும் படுக்குமுன் கழுவி வைத்துவிடுவார்.

பிறகு கோவிட் வந்தது. பாலத்தை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று அக்காவின் தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள், வேலை வேண்டுமென்றால் அங்கேயே தங்க வேண்டும், இடம் தருகிறோம் என்று. யோசிக்க ஒரு நாள்கூட முழுதாக இல்லை. அந்த வேலை போனால் அண்ணனின் மருந்தும் போகும், வீடும் போகும். இரண்டு வாரம்தானே என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு, சுவர் ஓரம் வந்து வீட்டுச் சாவியில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பேருந்தில் போகும்போதே ‘வீடு’ பட்டியலை மாற்றி அமைத்து எனக்கும் பகிர்ந்துவிட்டார். சாமான் வாங்குவது, கேஸ் மாற்றுவது, குப்பையை வெளியே வைப்பதெல்லாம் என் பெயரில் வந்தன. மருந்து, ஊசி, சர்க்கரை அளவு, நடை எல்லாம் அண்ணன் பெயரில் இருந்தன. பாதம் பார்க்கும் வரியும் அப்படியே இருந்தது. கடைசியில் தன் பெயரை எடுத்துவிட்டு அண்ணன் பெயரைப் போட்டிருந்தார். கீழே கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிற, கண் மங்கின மனிதர், தன் உள்ளங்காலைக் கண்ணாடியில் எப்படிப் பார்ப்பார் என்று அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் இரண்டு மாதமாகி, அதற்கு மேலும் போனது. நம் ஊரிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற ஊர். அங்கிருந்து இங்கே வர முடியவில்லை. பாலத்தில் ஒரு வண்டி இல்லை என்று படம் போட்டார்கள். 

அக்காவுக்கு வேலை முடிந்ததும் ஒரு அழைப்பு. அறையில் கூட இருக்கிறவர்களும் வீட்டுக்குப் பேச வேண்டும் என்பதால் அதிக நேரம் பேச முடியாது. அண்ணன் போனை ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து வாசலில் உட்கார்ந்துதான் பேசுவார். வேண்டாம் என்றாலும் எங்களுக்குக் கேட்கும். முதல் சில வாரம் முழுக்க விசாரணைதான். சர்க்கரை ஏன் பார்க்கவில்லை, நடை ஏன் டிக் ஆகவில்லை, பாதம் பார்த்தீர்களா, பார்த்தால் ஏன் டிக் இல்லை. பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிடும். போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து உள்ளே போவார்.

அப்புறம் அது மாறியது. பட்டியலில் அண்ணனின் வரிகள் எல்லாம் காலையிலேயே மங்கிக் கிடந்தன. சாயங்கால அழைப்பில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பழைய லோரிக் கதையை அண்ணன் சொல்ல, அக்கா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பார். மனிதர் ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டார் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டோம். சாமான் பையைச் சுவர் மேல் வைத்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி வாங்கிக்கொள்வார். நன்றாக இருக்கிறேன் தம்பி என்பார். முகம் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் வரவில்லை. சாவியைப் போட்டு உள்ளே போனேன். கட்டிலில் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தார். அறையில் அடித்த வாடையை நான் எழுத விரும்பவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உள்ளங்காலில் புண். பல வாரத்துப் புண் என்றார் டாக்டர். காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது.

அக்காவுக்கு நான்தான் போனில் சொன்னேன். அவர் அழவில்லை. தினமும் டிக் போட்டிருக்காரே தம்பி, இன்னிக்குக் காலையில கூட போட்டிருக்காரே என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கெங்கோ எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, பாலத்தைக் கடந்து வந்துவிட்டார். வந்தவர்களை நேரே தனிமைப்படுத்தும் ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜொகூர் பாருவிலேயே ஒரு ஹோட்டல். அண்ணன் கிடந்த ஆஸ்பத்திரி அதே ஊரில்தான். கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிற அறையில் அவர் இருந்தார். ஒரு நல்ல மனசுள்ள தாதி அண்ணன் காதில் போனைப் பிடித்துப் பேச வைத்திருக்கிறார். அதற்கு மறுநாள் காலையில் அண்ணன் போய்விட்டார். வெளியே வர அக்காவுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

காரியத்துக்குப் பட்டியலை அந்த அறையிலிருந்து அக்காதான் போட்டார். இதை நம்பாதவர்கள் அவரை அறியாதவர்கள். செடெனாக்கிலிருந்து அண்ணனின் தம்பி வந்தார். ஆட்களுக்கு அளவு வைத்திருந்த நேரம், நாலைந்து பேர்தான் நின்றோம். யார் பூ வாங்குவது, யார் ஐயரைக் கூப்பிடுவது, யார் கொள்ளிக்குடம் எடுத்து வைப்பது என்று ஒன்று விடாமல் இருந்தது. அவரவர் வேலையை முடித்து அவரவர் டிக் போட்டோம். கோவில் தலைவர் தன் வரியைச் செய்து முடித்துவிட்டு, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அந்தப் பட்டியலின் எந்த வரியிலும் அக்காவின் பெயர் இல்லை. என் மனைவி நீட்டிப் பிடித்த வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

இப்போது நாங்கள் ஸ்கூடாயில் இருக்கிறோம். அக்கா அந்த வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு வாழ்த்து வரும், மகளின் படிப்பை விசாரிப்பார். ஆனால் நான் அவரை நினைக்கும்போது எனக்கு வருவது, அவர் ஹோட்டலிலிருந்து வீடு திரும்பிய அன்றைக்குச் சாயங்காலம்தான்.

என் மனைவி கொண்டு போன சாப்பாட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, அண்ணனின் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவர் ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் நின்றேன். தாதி போனைப் பிடித்த அன்று தான் அண்ணனிடம் கேட்டதைச் சொன்னார்.

“ஏன் பாக்காமலே டிக் போட்டீங்கன்னு கேட்டேன் தம்பி. உசுரு போற நேரத்துல அதைத்தான் கேட்டேன். ‘டிக் இல்லன்னா போன் முழுக்க நீ அதையே கேப்ப. டிக் போட்டுட்டா வேற எதாச்சும் பேசுவ, சிரிப்ப. எனக்கு அதுதான் வேணும்’னாரு.”

 இவர் மேல் தப்பில்லை என்று சொல்லலாம், அண்ணன் மேலும் தப்பில்லை என்று சொல்லலாம். இரண்டுமே உண்மை. ஆனால் அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது. 

சுவர் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணன் என்னோடு என்ன பேசுவார் என்று அக்கா கேட்டார். நோயைப் பற்றியா என்றேன். இல்லை, சும்மா பேசுவாரே, அது என்றார்.

நினைவுக்கு வந்ததெல்லாம் சொன்னேன். குளுவாங் போகிற பழைய ரோட்டில் லோரிக்குக் குறுக்கே வந்து நின்ற காட்டுப்பன்றியைச் சொன்னேன். பந்து விளையாட்டை ரேடியோவில் கேட்டுக்கொண்டு நடுவரைத் திட்டியதைச் சொன்னேன். எங்கள் வீட்டு மீன்குழம்பு வாசனைக்கு, உள்ளே இருக்கிற என் மனைவிக்குக் கேட்கும்படி மார்க் போட்டதைச் சொன்னேன். என் மகள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டபோது, அவ்வளவு கிழவனாகவா தெரிகிறேன் என்று பொய்க் கோபம் காட்டியதைச் சொன்னேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்று முடிந்ததும், வேற, என்பார். நான் அடுத்ததைச் சொல்வேன். வேற, என்பார்.

ஒரு கட்டத்தில் என்னிடம் எதுவும் மிச்சமில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அண்ணன் ஆசைப்பட்டு டுரியான் வாங்கி வரச் சொன்னார் என்று ஆரம்பித்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக ஆளுக்கு ஒரு சுளை சாப்பிட்டோம், உங்க அக்கா இருந்திருந்தால் நல்ல பழமாகப் பார்த்து எடுத்திருப்பாள் என்று உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று, வாயில் வந்ததைக் கோத்துக்கொண்டே போனேன்.

“அவருக்கு டுரியான் வாசனையே ஆகாது தம்பி,” என்றார் அக்கா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுவர் மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொள்ள அவர் நாற்காலியிலிருந்து கொஞ்சம் எம்பினார்.

“பரவால்ல,” என்றார். “சொல்லுங்க.”